நாய் உங்கள் கால்விரலையும் படிக்கிறது: அஜிலிட்டி வகுப்பில் கையாளும் முறைகளைப் பழகுவது எப்படி

அஜிலிட்டி, அதாவது தடைகள் நிறைந்த பாதையில் நாயை ஓடவைக்கும் விளையாட்டின் வகுப்பில் சேரும்போது, நாய்க்குத் தடைகளைத் தாண்டக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். உடல்நலமுள்ள நாய்க்குத் தாண்டுவதும் குழாய்க்குள் நுழைந்து வெளியே வருவதும் பெரிய வித்தையல்ல. நாய் நெளிந்து நெளிந்து ஊடே ஓட வேண்டிய வீவ் கம்பங்களும் ஏறி இறங்க வேண்டிய பலகைகளும் மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டாலும், அவையும் ஒருநாள் அதற்குப் பிடிபட்டுவிடும். அதன் பிறகு களத்தில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை, எந்தத் தடைக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று நாய்க்குத் தெரிவிப்பதில் நேர்பவை. தெரிவிக்க வேண்டியவர் நாம். ஆகவே கையாளும் முறைகளைப் பழகுவது என்பது முதலில் நம் கால், தோள், கை, கண் ஆகிய நான்கையும் பழக்குவதுதான். நாயின் பங்கு அதற்குப் பின்னர் வருகிறது.

இந்த விளையாட்டு 1978-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் பார்வையாளர்களை மகிழ்விக்கும் காட்சியாகத் தொடங்கியது. குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்தே அதை அமைத்தார்கள். ஆனால் குதிரையின் முதுகில் ஓட்டுபவர் அமர்ந்திருப்பார், கையில் கடிவாளம் இருக்கும். நாயோ கயிறு இல்லாமல் ஓடுகிறது. போட்டியில் அதைத் தொடக் கூடாது, தின்பண்டமோ பொம்மையோ களத்துக்குள் கொண்டுபோகவும் கூடாது. கடிவாளத்தின் வேலை முழுவதையும் சில அடி தள்ளி ஓடிக்கொண்டிருக்கும் நம் உடல் செய்தாக வேண்டும்.

நாய் எதைக் கேட்கிறது, எதைப் பார்க்கிறது

நாய்கள் முதலில் அசைவைப் படிக்கின்றன. நாம் எந்தத் திசையில் போகிறோம், எவ்வளவு வேகமாகப் போகிறோம், வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதே அவற்றுக்கு முதல் செய்தி. அடுத்து நம் தோளும் மார்பும் கால்விரல்களும் நோக்கும் திசை, பிறகு கை, கடைசியாகத்தான் பெரும்பாலான நாய்களுக்கு நம் குரல். குரல் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. நன்றாகக் கற்பித்த சொல்லுக்கு நாய் தூரத்திலிருந்தும் கீழ்ப்படியும். ஆனால் வாய் ஒன்று சொல்ல உடல் வேறொன்று சொன்னால், நாய் உடலைத்தான் நம்பும்.

என் நாய் சிட்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து ஒரே இடத்தில் பாதை மாறிப்போனது. வளைந்து சென்று ஒரு தாண்டுதடையை எடுக்க வேண்டிய இடத்தில், பக்கத்தில் இருந்த குழாய்க்குள் புகுந்துவிடும். நான் பெயர் சொல்லிக் கத்தினேன், கைதட்டினேன், குழாய் மீது அதற்கு அப்படி என்ன மோகம் என்று சலித்துக்கொள்ளவும் செய்தேன். வகுப்பில் உடன் பழகும் ஒருவர் கைபேசியில் எடுத்த காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. என் வலக்கை தாண்டுதடையை ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு காலின் விரல்களும் குழாயின் வாயை நேர்கோட்டில் நோக்கியிருந்தன, நான் அந்தத் திசையிலேயே இரண்டு அடி எடுத்தும் வைத்திருந்தேன். சிட்டு சொன்னதைத்தான் செய்திருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு பயிற்சியை வழக்கமாக்கிக்கொண்டோம். ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போது, வெளியே நிற்பவர் எதிர்பாராத தருணத்தில் 'நில்' என்பார். ஓடுபவர் அந்த நிலையிலேயே சிலைபோல் நின்று, குனிந்து தன் கால்விரல்கள் எங்கே நோக்குகின்றன, தோள் எங்கே திரும்பியிருக்கிறது, கை எதைக் காட்டுகிறது, கண் எதைப் பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். நான்கும் ஒரே தடையைச் சொல்லவில்லை என்றால் திரும்பவும் ஓட வேண்டும். இதை நாய் இல்லாமல் செய்வது நல்லது; நாயோடு ஓடும்போது திடீரென்று நின்றால், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக அது குழம்பும்.

சைகை எப்போது போய்ச் சேர வேண்டும்

கையாளும் முறைகளின் பெயர்களைக் கற்பதைவிட இதுவே கடினம். நாய்ச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் போட்டிகளில் தடைகளுக்கு இடையே பொதுவாக 5 முதல் 7 மீட்டர் வரை இடைவெளி இருக்கும். வேகமான நாய் ஒன்று விநாடிக்கு 5 மீட்டருக்குக் குறையாமல் ஓடும். அப்படியானால் ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு விநாடி. அதற்குள் நாம் யோசித்து, உடலைத் திருப்பி, நாய் அதைக் கண்டு, புரிந்துகொண்டு, தன் காலடியை மாற்றியமைக்க வேண்டும்.

நாய் தரையை விட்டு எழும்பிய பிறகு, எங்கே இறங்குவது என்பதை அதனால் பெரிதாக மாற்றிக்கொள்ள இயலாது. எழும்புவதற்கு முந்தைய ஓரிரு எட்டுகளிலேயே அது தன் உடலைச் சுருக்கிக்கொள்வதா, நீட்டிக்கொள்வதா, எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவு செய்துவிடுகிறது. ஆகவே அது தடையின் மேலே இருக்கும்போது நாம் காட்டும் சைகை தாமதமானது; நாய் நேராகப் போய் இறங்கி, பிறகு அகலமாக வளைந்து வரும். மூன்றாம் தடைக்குப் பின் திரும்ப வேண்டும் என்றால், நாய் இரண்டாம் தடையிலிருந்து இறங்கி மூன்றாவதைக் கண்ணால் தேடும் நொடியில் அந்தச் செய்தி அதற்குக் கிடைத்திருக்க வேண்டும். 'அது தாண்டட்டும், பிறகு திரும்பச் சொல்லலாம்' என்று காத்திருப்பது இயல்பாக வரும் பழக்கம்; அதை உடைக்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது.

அதே வேளையில் அவசரப்பட்டாலும் கெடும். நாய் ஒரு தடையை எடுப்பது என்று உறுதிகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு முன்னதாகவே நாம் திரும்பி ஓடிவிட்டால், நாய் தடையை விட்டுவிட்டு நம்மோடு வந்துவிடும். புதிய நாய்க்கு அந்த இடம் தடைக்கு மிக அருகில் இருக்கும். அனுபவமுள்ள நாய்க்குப் பல அடி முன்னதாகவே இருக்கும். உங்கள் நாய்க்கு அது எங்கே என்று கண்டறிவதே ஒரு பயிற்சி. ஒரு தாண்டுதடையை நோக்கி நாயை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஓர் எட்டு முன்னதாக விலகிப் பாருங்கள். எந்த எட்டில் அது தடையை விட்டு உங்களை நோக்கித் திரும்புகிறதோ, அதற்கு ஓர் எட்டு பின்னால்தான் உங்கள் இப்போதைய எல்லை.

ஒரே ஒரு தாண்டுதடையைக் கொண்டு

பன்னிரண்டு தடைகள் உள்ள பாதையில் கையாளும் முறையைப் பழக முயல்வது, நீந்தத் தெரியாமல் கடலில் இறங்குவதைப் போன்றது. வகுப்பில் உங்கள் முறை வரும்போது ஒரே ஒரு தாண்டுதடை போதும் என்று பயிற்சியாளரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

குறுக்குக் கம்பைத் தாழ்வாக வையுங்கள். எஃப்.சி.ஐ. விதிப்படி பெரிய நாய்களுக்கான உயரம் 55 முதல் 60 செ.மீ. வரை, நாம் பழகுவது நம் உடலைத்தான் என்பதால், பயிற்சிக்கு அதில் பாதி போதும். நாயைத் தடைக்கு ஏறக்குறைய 5 மீட்டர் பின்னால் உட்காரவைத்து, அதன் அருகிலேயே நின்று தொடங்குங்கள். முதல் முறை, தடையின் பக்கத்தாங்கியைக் கடந்து நேராக, வேகம் குறையாமல் ஓடுங்கள். பொம்மையை நாயின் பாதையிலேயே முன்னால் தாழ்வாக எறியுங்கள். நாய் எங்கே இறங்குகிறது என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு கூம்பை வையுங்கள். இரண்டாம் முறை அதே இடத்தில் தொடங்கி, நாய் எழும்பும் இடத்துக்கு இரண்டு மூன்று எட்டு முன்பாகவே வேகத்தைக் குறைத்து, உடலை நிமிர்த்தி, பக்கத்தாங்கிக்கு அருகிலேயே நின்றுவிடுங்கள். பரிசை உங்கள் காலருகே கொடுங்கள். மறுபடியும் இறங்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டாவது இடம் தடைக்குத் தெளிவாக அருகில் இருந்தால், நீங்கள் வேகம் குறைத்தது நாய்க்குச் சென்று சேர்ந்திருக்கிறது. இரண்டு முறையும் கூம்பின் அருகிலேயே இறங்கியிருந்தால், நீங்கள் குறைத்தது தாமதம் அல்லது குறைத்ததாக நினைத்துக்கொண்டீர்களே தவிரக் குறைக்கவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான் உண்மை.

இந்த ஒரே பயிற்சியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். நாயை இறுக்கமாகத் திரும்பவைப்பதற்கு எத்தனையோ அலங்காரமான கையசைவுகளைக் கற்றுக்கொள்கிறார்கள். நேரத்தில் வேகத்தைக் குறைத்தாலே அந்த வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

பக்கம் மாறும் மூன்று முறைகள்

நாய் நம் இடப்பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதை அடுத்து இடப்புறமாக வளைகிறது. வளைவின் உட்புறத்தில் நாம் இருந்தால்தான் நமக்குத் தூரம் குறையும், நாய்க்கும் திசை தெளிவாகத் தெரியும். அதற்காக நாயை நம் வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு அடிப்படையான முறைகள் மூன்று. மற்றவை பெரும்பாலும் இவற்றின் கிளைகள்.

ஃபிரன்ட் கிராஸ் என்பது நாய்க்கு முன்னால், அதைப் பார்த்தபடியே திரும்பிப் பக்கம் மாறுவது. நாய் இடப்பக்கம் இருந்தால், நாம் இடப்புறமாக, அதாவது நாயை நோக்கிச் சுழன்று, அதன் பாதையை அதற்கு முன்னதாகக் கடந்து, வலக்கையில் அதை ஏற்றுக்கொள்கிறோம். நாயைக் கண்ணிலிருந்து விடுவதில்லை என்பதால் புதியவர்களுக்கு இதையே முதலில் கற்பிக்கிறார்கள். இதில் வழக்கமாக நேரும் பிழை, சுழன்று முடித்த இடத்தில் அப்படியே நின்று நாயை ரசிப்பது; அந்த நொடியில் நாம் நாயின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறோம். சுழற்சியின் கடைசி அடி, அடுத்த தடையை நோக்கிப் புறப்படும் முதல் அடியாகவும் இருக்க வேண்டும். மற்றொரு பிழை, பழைய கையைத் தாழ்த்தாமலேயே புதிய கையை உயர்த்துவது. இரண்டு கைகளும் விரிந்திருந்தால் எந்தப் பக்கம் வருவது என்று நாய்க்குத் தெரியாது.

பிளைண்ட் கிராஸில் நாயை நோக்கித் திரும்புவதில்லை. நாய்க்கு முன்னால் ஓடிக்கொண்டே அதன் பாதையைக் கடந்து, இடத்தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை வலத்தோளுக்கு மேல் திருப்பி, வலக்கையைப் பின்னோக்கிக் காட்டுகிறோம். ஒரு கணம் நாய் நம் பார்வையில் இருக்காது, பெயர் அதனால்தான். சுழல வேண்டியதில்லை என்பதால் வேகம் தடைப்படாது. ஆனால் நாயைவிட நாம் போதுமான அளவு முன்னால் இருந்தால்தான் இது செல்லும். இல்லாவிட்டால் நாய் நம் முதுகுக்குப் பின்னால் எந்தப் பக்கமும் போகலாம், காலில் மோதவும் செய்யலாம். முதலில் தடை எதுவும் இல்லாத வெறுந்தரையில் பழகுங்கள். நாயை உட்காரவைத்து 6, 7 மீட்டர் முன்னால் போய், விடுத்துவிட்டு ஓடத் தொடங்கி, ஓட்டத்தின் நடுவே முகத்தையும் கையையும் மாற்றி, புதிய பக்கத்தில் மட்டுமே பரிசைக் கொடுங்கள். பழைய பக்கத்தில் வந்து நின்றால் திட்டாமல் மறுபடி தொடங்குங்கள். சில முறைகளிலேயே பல நாய்கள் புரிந்துகொள்கின்றன.

ரியர் கிராஸ் என்பது, நாய் நமக்கு முன்னால் தடையை நோக்கிப் போகும்போது அதன் பின்னால் குறுக்காகக் கடந்து மறுபக்கம் போவது. நாம் நாயைவிடப் பின்தங்கியிருக்கும்போது இருக்கும் வழி இதுவே; வயதானவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இதுதான் கைகொடுக்கும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாய் தாண்டி முடித்த பின்பு பின்னால் நடந்து மறுபக்கம் போவது ரியர் கிராஸ் அல்ல. நாய் எழும்புவதற்கு முன்பே, நாம் அதன் ஓடுபாதையை நோக்கிச் சாய்கோட்டில் நெருங்குவதை அது ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். அந்த நெருக்கத்தைப் பார்த்துத்தான் 'எனக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பப் போகிறோம்' என்று அறிந்து, திரும்பும் பக்கத்துக்கு ஏற்றபடி எழும்புகிறது. நாம் தடையின் நடுவை நோக்கி ஓடத் தொடங்கி, நாய் உறுதிகொள்ளும் இடத்தைக் கடந்ததும் அதன் வாலுக்குப் பின்னால் கடந்துபோக வேண்டும். சீக்கிரமாகக் கடந்தால் நாய் தடைக்கு முன்பே சுழன்றுவிடும். அதுவும் சரியாகப் படித்ததன் விளைவுதான். நம்மைவிட்டு விலகும் பக்கமாகத் திரும்புவது நாய்க்கு இயல்பானதல்ல என்பதால், தரையிலேயே நம் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக ஒரு சுற்றுச் சுற்றக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பிறகு தடைக்கு வருவது உதவும். பரிசை, நாய் இறங்கித் திரும்ப வேண்டிய பக்கத்தில் எறியுங்கள்.

மூன்றையும் ஒரே வகுப்பில் பழக வேண்டாம். ஒரு வகுப்புக்கு ஒன்று, அதுவும் இடம் வலம் இரண்டு பக்கமும். நமக்கு வசதியான பக்கம் ஒன்று இருப்பதைப் போல நாய்க்கும் உண்டு. பலவீனமான பக்கத்துக்கு ஒன்றிரண்டு முறை கூடுதலாகக் கொடுக்கலாம்.

மூன்று தாண்டுதடைகளை ஒரே வரிசையில் வைத்து

மூன்று தாண்டுதடைகளை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் பக்கவாட்டில் ஒரே கோட்டில், நடுவே இடைவெளி விட்டு வையுங்கள். நாய் முதலாவதை நம்மை நோக்கியும், இரண்டாவதை நம்மைவிட்டு விலகியும், மூன்றாவதை மறுபடி நம்மை நோக்கியும் தாண்ட வேண்டும். நாம் ஒரே பக்கத்திலேயே இருப்போம். பாம்பு நெளிவதைப் போன்ற இந்தப் பாதைக்குச் சர்ப்பன்டைன் என்று பெயர். எளிதாகத் தோன்றும் இதில்தான் தோளின் வேலை என்ன என்பது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிகிறது.

இரண்டாவதைத் தாண்டி நாய் அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது அது நம்மை நோக்கி மூன்றாவதைத் தாண்டி வர வேண்டும். நாம் மூன்றாவதைக் கடந்து நேராக ஓடிக்கொண்டேயிருந்தால், தோள் முன்னோக்கியே இருக்கும். நாயும் நம்மோடு இணையாக அந்தப் பக்கத்திலேயே ஓடிக் கடந்துவிடும், தடை நடுவில் வெறுமனே நிற்கும். மாறாக, மேலுடலை நாயை நோக்கித் திறந்து, நாய்க்கு அருகில் இருக்கும் கையைச் சற்றுப் பின்னோக்கி நீட்டி, உள்ளங்கை அதற்குத் தெரியும்படி காட்டினால், நம் மார்பு தடையின் வழியாக நாயைப் பார்க்கும். அது நேராகத் தாண்டி உள்ளே வரும். கால்கள் மட்டும் ஓடும் திசையிலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும். மேலுடல் ஒரு திசையிலும் கால் ஒரு திசையிலும் இருப்பது முதலில் தடுமாற்றம் தரும். ஆகவே இதை நாய் இல்லாமல், நடையில், பின்பு மெல்லோட்டத்தில் பழகிவிட்டு நாயைக் கொண்டுவாருங்கள். வகுப்புத் தோழர் ஒருவரை நாயாக ஓடச் சொல்லலாம். வாயால் எதுவும் சொல்வதில்லை, உங்கள் உடல் காட்டும் இடத்துக்கு மட்டுமே போவது என்று அவரிடம் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நம் சைகைகள் எவ்வளவு தெளிவற்றவை என்பதை ஐந்தே நிமிடத்தில் அவர் புரியவைத்துவிடுவார். பிறகு நீங்கள் நாயாகுங்கள். தாமதமான ஃபிரன்ட் கிராஸின் எதிரில் ஓடிவருவது எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை ஒருமுறை அனுபவித்தவர், தன் நாயைக் குறைசொல்ல யோசிப்பார்.

தொடக்கக் கோடும் பரிசும்

நாயைத் தொடக்கக் கோட்டில் உட்காரவைத்து முன்னால் நடந்துபோய் நிற்பது, பாதையின் முதல் வளைவில் நமக்கு நேரம் வாங்கித் தருகிறது. பலருடைய நாய்கள் இதைச் சில மாதங்களில் இழந்துவிடுகின்றன. காரணம், நாம் விடுசொல்லை, அதாவது நாயைப் புறப்படச் சொல்லும் சொல்லை, சொல்லிக்கொண்டே ஓடத் தொடங்குவது. நாய் சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டு, நம் முதல் அசைவுக்குப் புறப்படக் கற்றுக்கொள்கிறது. பிறகு நாம் கையை உயர்த்தினாலே ஓடிவிடுகிறது. வகுப்பில் மூன்றில் ஒரு முறையாவது, முன்னால் போய் நின்று, கையை உயர்த்தி, தோளைத் திருப்பி, எதுவும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்த இடத்திலேயே பரிசு கொடுங்கள். விடுசொல்லைச் சொல்லும்போது உடல் அசையாமல் இருக்கட்டும்.

பரிசு எங்கே கிடைக்கிறது என்பதே நாய்க்கு அடுத்த முறைக்கான சைகை. நாய் இருக்கும் பக்கத்துக் கையிலிருந்து, அது ஓடிவர வேண்டிய கோட்டிலேயே கொடுக்க வேண்டும். இடப்பக்கம் ஓடும் நாய்க்கு வலக்கையால் உடலுக்குக் குறுக்காக நீட்டினால், தோள் திரும்பிவிடும், நாயும் நம் முன்னால் வந்து குறுக்கிடக் கற்றுக்கொள்ளும். எப்போதும் கையிலிருந்தே பரிசு கொடுத்தால், நாய் தடையைப் பார்ப்பதை விட்டு நம் கையையே பார்த்துக்கொண்டு ஓடும். கம்புகள் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். முன்னால் எறிவதையும் கையால் கொடுப்பதையும் கலந்து செய்யுங்கள்.

வீவ் கம்பங்களைப் பற்றி ஒரு சொல். 60 செ.மீ. இடைவெளியில் நிற்கும் 12 கம்பங்களில், முதல் கம்பம் நாயின் இடத்தோள் பக்கமாக இருக்கும்படி நுழைய வேண்டும் என்பது, நாம் எந்தப் பக்கத்தில் ஓடினாலும் மாறாத விதி. ஆகவே அங்கே கையாளும் முறை என்பது கையை ஆட்டி ஒவ்வொரு கம்பத்துக்கும் நாயை இழுப்பதல்ல. இரண்டு பக்கத்திலும், முன்னால் ஓடியும் பின்தங்கியும் விலகியும், நாய் தன் வேலையைத் தொடர்கிறதா என்று சோதிப்பதுதான்.

பிழை நேரும்போது

நாய் தவறான தடையை எடுத்தால், நான் சொல்லும் வரிசை இது: ஓட்டத்தை முறிக்காமல் இன்னும் ஒரு தடையை எடுக்கவைத்து, நாயை மகிழ்ச்சியாகவே அழைத்து, பரிசு கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் கால் எங்கே இருந்தது என்று யோசியுங்கள். 'தவறுக்குமா பரிசு?' என்று கேட்பவர்கள் உண்டு. நாய் நம் சைகையைச் சரியாகப் படித்துத் தவறான இடத்துக்குப் போயிருந்தால், அது செய்தது தவறல்ல. ஒவ்வொரு முறையும் நின்று தலையில் அடித்துக்கொள்ளும் கையாளுபவரின் நாய், மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு தடைக்குப் பிறகும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறது. அந்த வேகத்தை மீட்பது கையாளும் முறையைத் திருத்துவதைவிட எவ்வளவோ கடினம்.

ஒரே இடத்தில் இரண்டு முறை தவறினால், மூன்றாவது முறையும் அப்படியே முயலாதீர்கள். நாயைக் கட்டிவிட்டு அந்த இரண்டு தடைகளை மட்டும் நீங்கள் தனியாக ஓடிப் பாருங்கள். இல்லாவிட்டால் இடைவெளியைக் கூட்டியோ பாதையைக் குறைத்தோ எளிதாக்குங்கள். மூன்றாவது முறையும் தவறினால், தவறான பாதையையே நாய்க்குக் கற்றுக்கொடுத்திருப்போம்.

உங்கள் முறை வராதபோது

ஆறு நாய்கள் உள்ள ஒரு மணி நேர வகுப்பில், ஒருவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். மீதி ஐம்பது நிமிடம் காத்திருப்பு. அந்த நேரம் முழுவதும் நாய் மற்ற நாய்கள் ஓடுவதைப் பார்த்துக் குரைத்துத் துள்ளிக்கொண்டிருந்தால், அதன் முறை வரும்போது அது ஏற்கெனவே களைத்தும் கொதித்தும் இருக்கும். நம் தோளைப் படிக்கும் நிலையில் இருக்காது. நாயைக் கிரேட்டில், அதாவது அதன் கூண்டில், விட்டுத் துணி போர்த்தி, காற்று வர வழிவிட்டு, ஓய்வெடுக்க விடுங்கள். நீங்கள் களத்தின் ஓரத்தில் நின்று, பிறர் ஓடும் பாதையில் எங்கே பக்கம் மாறுவீர்கள், எந்த நொடியில் வேகம் குறைப்பீர்கள் என்று காற்றில் கையை வைத்து ஓட்டிப் பாருங்கள். பார்ப்பவர்களுக்கு விநோதமாக இருக்கும். போட்டிக் களத்தில் தேர்ந்தவர்கள் பலர் அதைச் செய்கிறார்கள்.

ஓடுவதற்கு முன் நாய் இல்லாமல் பாதையை நடந்து பார்க்கும்போது, முதல் நடையில் தடைகளின் எண் வரிசையை மட்டும் மனத்தில் பதியுங்கள். இரண்டாவதில் தடைகளுக்கு நடுவே குனிந்து, நாயின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். ஒரு தடையைத் தாண்டி இறங்கும் நாய்க்கு நேரெதிரே எது தெரிகிறதோ அதுவே அதன் முதல் விருப்பம். அது நீங்கள் விரும்பும் தடை அல்லவென்றால், அந்த இடத்தில்தான் கையாளும் முறை தேவைப்படுகிறது. மற்ற இடங்களில் ஓடினால் போதும். மூன்றாம் நடையில் நாய் உடன் இருப்பதாக எண்ணி, உண்மையான வேகத்தில் கையை வைத்து ஓடுங்கள்.

ஓடுவதற்கு முன் நாயை ஐந்து பத்து நிமிடம் நடக்கவைத்து, மெல்லோட்டம் விட்டு, இரண்டு பக்கமும் சுழலவைத்து உடலைச் சூடேற்றுங்கள். வளர்ச்சி முடியாத இளம் நாய்க்கு முழு உயரத் தாண்டலும் இறுக்கமான திருப்பங்களும் வேண்டாம், எஃப்.சி.ஐ. போட்டிகளில் 18 மாதம் ஆகாத நாய்க்கு அனுமதி இல்லை. அந்த வயது வரை தரையிலேயே பக்கம் மாறும் முறைகள் அனைத்தையும் கற்றுக்கொடுத்துவிடலாம், தடையே தேவையில்லை. வழுக்கும் தரையிலும் கடும் வெயிலிலும் பழகுவதைத் தவிருங்கள். நாக்கு அகலமாகத் தொங்கி, திருப்பங்கள் தளர்ந்து, கம்புகள் விழத் தொடங்கினால், அன்றைய பயிற்சி முடிந்தது என்று பொருள், உங்கள் முறையில் இன்னும் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தாலும்.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு ஓட்டத்தையாவது காணொளியாக எடுக்கச் சொல்லுங்கள். நாயைப் பார்க்காமல், உங்கள் கால்களை மட்டும் பார்த்து ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு நாய் எழும்பும் நொடியில் நிறுத்தி, அந்த நொடியில் உங்கள் தோள் எங்கே நோக்குகிறது என்று பாருங்கள். வீடு திரும்பும் முன் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், தேதியும் இடத்தையும் போட்டு: 'நான்காம் தடை, இடப்பக்கம், திரும்பியது தாமதம்' என்பதைப் போல. அடுத்த வகுப்பில் பயிற்சியாளர் இன்று என்ன பழகலாம் என்று கேட்கும்போது, அந்த வரியைப் படித்துக் காட்டி அங்கிருந்து தொடங்குங்கள்.